மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி வளர்ந்த வரலாறு

"களம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் வெளியூர்க்காரர்களுக்குப் போர்க்களம் நினைவுக்கு வரலாம். களம்பூர்ப் பெண்களாகிய எங்களுக்கோ அரிசி ஆலைக் களம்தான் முதலில் கண்முன் நிற்கும். அவித்த நெல்லைப் பரப்பிக் காயவைக்கும் அந்தச் சிமெண்டுத் தரையில்தான் எங்களில் பலர் சிறு வயதில் ஓடி விளையாடினோம். நெல் காயாத நாட்களில் பந்து தட்டிப் பழகியதும் அங்கேதான். இன்று பள்ளியின் கூடைப்பந்து அணியில் நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். எட்டுப் பேரில் ஐவர் பத்தாம் வகுப்பு.

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு எங்களால் ஐந்து பேரைத்தான் அழைத்துச் செல்ல முடிந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வீட்டில் திருமணம். மூன்றாமவளுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அவள் எங்கள் அணியிலேயே நன்றாகக் கூடையில் போடுபவள். அவளுடைய தந்தையார் பட்டு நெசவாளர். பள்ளி விட்டு வந்ததும் அவள் தார் சுற்றிக் கொடுத்தால்தான் மறுநாள் தறி ஓடும். "வெளியூருக்குப் போய், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்க ஓட வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கூடைப்பந்தில் ஒருவர் ஐந்து முறை தவறிழைத்தால் வெளியேற வேண்டும் என்பது விதி. எங்களில் ஒருத்தி அப்படி வெளியேறினாள். மாற்றாக இறங்க ஆளில்லை. கடைசி ஆறு நிமிடங்களை நால்வராகவே ஆடித் தோற்றோம்.

திரும்பி வந்த பிறகு அந்தத் தோழி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டாள். "பத்தாவது முடிந்தால் இந்த விளையாட்டும் முடிந்துவிடும். இதிலே நமக்கு என்னதான் கிடைக்கப் போகிறது?" எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. உடற்கல்வி ஆசிரியையிடம் சென்று கேட்டோம். "பதிலை நீங்களே தேடிப் படித்து, ஆண்டு மலரில் எழுதுங்கள்" என்று கூறிவிட்டார். அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஆட்டம் பிறந்த கதை

கிரிக்கெட், ஹாக்கி போன்ற ஆட்டங்கள் எந்த நாளில் பிறந்தன என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. கூடைப்பந்துக்கோ பிறந்த ஊரும் உண்டு, பிறந்த மாதமும் உண்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அது பிறந்தது. கனடா நாட்டவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் அங்கே ஆசிரியராக இருந்தார். வெளியே பனி, மாணவர்களை வெளியே விட முடியாது. கூடத்துக்குள்ளேயே ஆடக்கூடிய, முரட்டுத்தனமில்லாத ஓர் ஆட்டத்தை உருவாக்கும்படி அவரிடம் சொன்னார்கள். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். 18 மாணவர்கள் இருந்ததால் பக்கத்துக்கு 9 பேர் ஆடினார்கள்.

அந்த மேல்மாடம் தரையிலிருந்து 10 அடி உயரம். இன்றும் உலகெங்கும் கூடைப்பந்து வளையம் 10 அடி உயரத்தில், அதாவது 3.05 மீட்டரில், இருப்பதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. கூடையின் அடிப்பாகம் மூடியிருந்ததால், பந்து விழும்போதெல்லாம் யாராவது ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டியிருந்தது. நெல் அள்ளும் கூடையை நாள்தோறும் பார்க்கும் நமக்கு இது சிரிப்பை வரவழைக்கும். அடியை வெட்டிவிட்டால் போதும் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தோன்றியது.

பெண்கள் கைக்குப் பந்து வந்தது

ஆட்டம் பிறந்து சில மாதங்களே ஆன நிலையில், அதே மாநிலத்தில் நார்தாம்ப்டன் நகரில் உள்ள ஸ்மித் கல்லூரியில் அதைப் பெண்களுக்குக் கற்பித்தார் ஓர் இளம் ஆசிரியை. அவர் பெயர் செண்டா பெரன்சன். லித்துவேனியாவில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்தவர். சிறுவயதில் மெலிந்த உடல் கொண்டவராக இருந்து, உடற்பயிற்சியால் தேறியவர். ஆகவே உடற்பயிற்சியின் அருமையைப் புத்தகத்தில் படித்தல்ல, தம் உடம்பிலேயே கண்டறிந்தவர் எனலாம்.

1893 மார்ச் 22 அன்று ஸ்மித் கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாம் ஆண்டு மாணவியரும் மோதினார்கள். கல்லூரிப் பெண்கள் ஆடிய முதல் கூடைப்பந்தாட்டமாக அதையே குறிப்பிடுகிறார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை மேலே எறிந்தபோதே ஒரு மாணவிக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது. அதைச் சரிசெய்து, வேறொருத்தியை இறக்கி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாம் ஆண்டினர் 5–4 என்ற கணக்கில் வென்றார்கள்.

ஆண்களின் ஆட்டத்தை அப்படியே பெண்களுக்குக் கொடுக்க அன்று யாரும் துணியவில்லை. பெரன்சன் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவர் மற்றொரு பகுதிக்குள் கால் வைக்கக்கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக்கூடாது. பெண்கள் அதிகம் ஓடினால் உடல் தாங்காது என்பது அக்கால மருத்துவர் பலரின் எண்ணம். பெரன்சன் அந்த எண்ணத்தோடு நேரே சண்டையிடவில்லை. அதற்குள் அடங்குவது போன்ற விதிகளைச் செய்து, பெண்களைக் களத்தில் இறக்கிவிட்டார். விதிகள் பின்னால் மாறிக்கொள்ளும், முதலில் களத்தில் கால் வைப்பதே பெரிது என்பதை அவர் செயலிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அடுத்து, இரண்டு கல்லூரிகள் ஒன்றை ஒன்று எதிர்த்து ஆடிய முதல் ஆட்டம் 1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்றது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பெண்கள் 2–1 என்று கலிபோர்னியா பல்கலைக்கழகப் பெண்களை வென்றனர். பார்க்க வந்த நூற்றுக்கணக்கானோரும் பெண்களே.

போட்டி வேண்டாம் என்ற காலம்

தொடங்கிய வேகத்தில் இது வளர்ந்திருக்கும் என்றே நாங்கள் நினைத்தோம். நடந்ததோ வேறு. முதல் ஆட்டம் ஆடிய அதே ஸ்டான்போர்டு, 1899-இல் தன் மாணவியர் பிற கல்லூரிகளோடு போட்டியிடுவதைத் தடை செய்தது. 1923-க்குப் பிறகு உடற்கல்வித் துறையில் இருந்த பெண் தலைவர்கள் பலரே, பெண்களுக்குப் போட்டி விளையாட்டு வேண்டாம் என்று பிரசாரம் செய்தார்கள். போட்டிக்குப் பதிலாக "விளையாட்டு நாள்" நடத்தினார்கள். பல கல்லூரிப் பெண்களையும் கலந்து அணி பிரித்து, ஆடச் செய்து, பலகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வென்றது எந்தக் கல்லூரி என்றே கணக்கு இராது.

இதில் நல்லெண்ணமும் இருந்தது என்பதை நாம் மறுக்கக்கூடாது. ஆண்கள் விளையாட்டில் புகுந்துவிட்ட பணமும் சூதும் பெண்களிடம் வரவேண்டாம் என்று அவர்கள் எண்ணினார்கள். சில திறமைசாலிகள் மட்டுமல்லாமல் எல்லாப் பெண்களும் ஆட வேண்டும் என்றும் விரும்பினார்கள். ஆனால் அதன் விளைவு என்ன? கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுக் காலம், நன்றாக ஆடத் தெரிந்த கல்லூரிப் பெண் எத்தனையோ பேருக்கு ஏறிச் செல்லப் படியே இல்லாமற் போயிற்று. ஆடலாம், ஆனால் எங்கும் போய்ச் சேர முடியாது. எங்கள் தோழி கேட்ட கேள்வியையே அந்தப் பெண்களும் கேட்டிருப்பார்கள் அல்லவா?

1969-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டர் கல்லூரிப் பயிற்சியாளர் கரோல் எக்மன் என்ற அம்மையார் துணிந்து ஒரு காரியம் செய்தார். 16 கல்லூரிகளை அழைத்து, தம் கல்லூரியிலேயே தேசிய அளவிலான பெண்கள் போட்டியை நடத்திக் காட்டினார். 1971-இல் பெண்கள் கல்லூரி விளையாட்டுக்கென்றே ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம் அமைந்தது. பக்கத்துக்கு ஆறு பேர் நின்று ஆடிய பழைய முறை போய், ஆண்களைப் போலவே ஐந்து பேர் முழுக்களத்திலும் ஓடி ஆடும் விதியும் அதே ஆண்டில்தான் கல்லூரிப் பெண்களுக்கு வந்தது.

பல் துலக்கும் பிரஷ் விற்ற அணி

இனி நாங்கள் சொல்லப் போவது, இந்த வரலாற்றில் எங்கள் அனைவருக்கும் மிகவும் பிடித்த பகுதி. பிலடெல்பியா நகருக்கு அருகே இம்மாக்குலாட்டா என்றொரு சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி. மரியாயின் மாசற்ற இருதய சபைச் சகோதரிகள் 1920-இல் தொடங்கியது. அக்கல்லூரியின் விளையாட்டுக் கூடம் 1967-இல் தீப்பற்றி எரிந்து போயிற்று. 1970-இல் காத்தி ரஷ் என்ற இளம்பெண் பயிற்சியாளராக வந்தார். அவருக்குக் கொடுத்த சம்பளம் 450 டாலர். மாதத்திற்கு அல்ல, அந்தப் பருவம் முழுவதற்கும். சொந்த ஆடுகளம் இல்லாததால் பிற கல்லூரிகளுக்குச் சென்றே ஆடினார்கள். சீருடையோ கம்பளித் துணியில் தைத்த மடிப்பு வைத்த கவுன்.

1972 மார்ச் மாதம் முதலாவது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தேசியப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடப்பதாக இருந்தது. அதற்குமுன் நடந்த வட்டாரப் போட்டியில் இம்மாக்குலாட்டா அணி வெஸ்ட் செஸ்டரிடம் 32 புள்ளிகள் வித்தியாசத்தில் படுதோல்வி அடைந்தது. இருந்தாலும் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. தரவரிசையில் 16 அணிகளுள் 15-ஆவது இடம். போவதற்குப் பணம் இல்லை. மாணவியர் பல் துலக்கும் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்தார்கள். சேர்ந்த பணம் எட்டுப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. விமானத்தில் காலி இடம் இருந்தால் ஏறிக்கொள்ளும் சலுகைச் சீட்டில் போனார்கள். மற்றவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள்.

எட்டுப் பேர் என்று படித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த எட்டுப் பேர் ஒவ்வோர் ஆட்டமாக வென்று, அரையிறுதியில் முதல் தரம் பெற்றிருந்த அணியையும் வீழ்த்தி, இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். எதிரே நின்றது அதே வெஸ்ட் செஸ்டர்! சில நாட்களுக்கு முன்னால் 32 புள்ளிகளில் தோற்ற அணியை இம்முறை 52–48 என்று வென்று முதல் தேசிய சாம்பியன் ஆனார்கள். 1973-இலும் 1974-இலும் மீண்டும் அவர்களே வென்றார்கள். அக்கல்லூரிச் சகோதரிகள் ஆட்டம் பார்க்க வந்து, இரும்பு வாளிகளைக் கம்பால் தட்டி ஆரவாரம் செய்வார்களாம்! அந்த வாளிகளைக் கொடுத்தவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு வீராங்கனையின் தந்தை. எங்கள் சிஸ்டர்மாரிடம் இதைச் சொன்னோம். "எங்களுக்கு வாளி வேண்டாம், மணியே போதும்" என்று சிரித்தார்கள்.

1975 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முதன்முறையாகக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஆடினார்கள். இம்மாக்குலாட்டாவும் குவீன்ஸ் கல்லூரியும் மோதிய அந்த ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 12,000 பேர் கூடினார்கள். 2014-இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் உள்ள கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அவ்வணி முழுவதுமாகச் சேர்க்கப்பட்டது. செண்டா பெரன்சன் அம்மையாருக்கு அந்த மரியாதை 1985-இலேயே கிடைத்திருந்தது.

அவ்வணியினர் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று தேடினோம். தெரேசா ஷாங்க் பிற்காலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி 1982-இல் தேசியப் பட்டம் வென்றார். 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். மரியான் கிராபோர்டு, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகப் பயிற்சியாளராகி 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். பிரஷ் விற்று ஊருக்குப் போன பெண்கள் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியைகள் ஆனார்கள்.

வட்டாரப் போட்டி என்றால் என்ன?

1972 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு "ஒன்பதாம் பிரிவு" என்று பெயர். அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக்கூடாது என்பதே அதன் சாரம். சட்ட வாசகத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் கல்லூரிகள் பெண்கள் அணிக்கும் பயிற்சியாளர், பயணச் செலவு, உதவித்தொகை கொடுக்க வேண்டிய நிலை அதனால் உண்டாயிற்று.

பணமும் பயணமும் வந்தபின் ஒழுங்கான போட்டி முறை தேவைப்பட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் "கான்பரன்ஸ்" என்ற பெயரில் வட்டாரக் குழுக்களாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு குழுவில் ஏறத்தாழ பத்துக் கல்லூரிகள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலம் முழுதும் ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்று ஆடுவார்கள். பருவத்தின் முடிவில் எல்லோரும் ஓர் ஊரில் கூடி, சில நாட்கள் தொடர்ந்து ஆடுவார்கள். தோற்றவர் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியில் நிற்பவர் அவ்வட்டாரத்தின் சாம்பியன். அவர்களுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு.

நம் பள்ளிப் போட்டிகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். குறுவட்டத்தில் வென்றால் வருவாய் மாவட்டம், அங்கு வென்றால் மாநிலம் என்று நாமும் படிப்படியாகத்தானே ஏறுகிறோம்? ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பருவம் முழுவதும் தோற்றுக்கொண்டே வந்த அணிகூட, அந்தச் சில நாட்கள் மட்டும் நன்றாக ஆடினால் தேசியப் போட்டிக்குப் போய்விடலாம். ஆகவே கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் பயிற்சியை விடாமல் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. வட்டாரப் போட்டியின் சிறப்பு இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அட்லாண்டிக் கரையோரக் கல்லூரிகளின் குழுவான ஏ.சி.சி., தன் முதல் பெண்கள் போட்டியை 1978-இல் நடத்தியது. மேரிலாந்து பல்கலைக்கழகம் வென்றது. பிறகு மற்றக் குழுக்களும் தொடர்ந்தன. 1982-இல் ஆண்கள் போட்டிகளை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய சங்கம் பெண்கள் போட்டியையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டு 32 அணிகள். லூசியானா டெக் அணி சாம்பியன். 1994-இல் 64 அணிகள். 2022 முதல் 68 அணிகள். 2024-இல் தெற்குக் கரோலினாவும் அயோவாவும் ஆடிய இறுதியாட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். ஆண்கள் பார்க்கவே கூடாது என்று கதவை மூடிக்கொண்டு தொடங்கிய ஆட்டம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

நம் நாட்டில்

கூடைப்பந்துக்கும் நம் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. நெய்ஸ்மித் பணியாற்றிய அதே ஸ்பிரிங்பீல்டு பள்ளியில் பிற்காலத்தில் பயின்றவர் ஹாரி குரோ பக். அவர் 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகச் சென்று உடற்பயிற்சி ஆசிரியர்கள் ஆனார்கள். ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1934-இல் டெல்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950-இல் அமைந்தது.

நம் நாட்டில் கான்பரன்ஸ் இல்லை. அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டி இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் முதலில் தங்களுக்குள் ஆடுகின்றன. அவற்றில் சிறந்து விளங்கும் மாணவியரைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமைகிறது. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும். அங்கே முன்னணி இடம் பெற்றால், வடக்கு, கிழக்கு, மேற்கு மண்டலங்களில் முன்னணி பெற்றவர்களோடு அகில இந்தியப் போட்டியில் மோதலாம். இவற்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் மேற்பார்வை செய்கிறது. 1925-இல் தொடங்கிய அமைப்பு அது. 1973-இல்தான் இந்தப் பெயரைப் பெற்றது.

இது எங்கோ தொலைவில் நடக்கும் காரியமல்ல. நம் ஊர் ஆரணி சாலை ரயில் நிலையத்தில் ஏறினால் கண்ணமங்கலம், வேலூர் கண்டோன்மெண்ட் கடந்து காட்பாடி வந்துவிடும். அங்கே சலேசியச் சகோதரிகள் 1954-இல் தொடங்கிய ஆக்சீலியம் மகளிர் கல்லூரி இருக்கிறது. வேலூரில் 2002-இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு ஆட்டம் முடிந்துவிடும் என்று நினைத்தோமே, அடுத்த படி ஒரே ரயில் தூரத்தில்தான் இருக்கிறது!

கேரளத்தின் சங்கனாச்சேரியில் உள்ள அசம்ப்ஷன் கத்தோலிக்க மகளிர் கல்லூரியில் படித்தவர் கீது அன்னா ஜோஸ். சென்னையில் தென்னக ரயில்வேக்காக ஆடியவர். 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. அந்த அழைப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய அணியின் தலைவியானார். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். திருமணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பி வந்தார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் அவர் ஆடிய இந்திய அணி கஜகஸ்தானை 75–73 என்று வென்று பட்டம் பெற்றது. 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவரும் தென்னக ரயில்வேயில் பணிபுரிந்தவர். ஆட்டம் சோறு போடுமா என்று கேட்பவர்களுக்கு இந்த இருவரையும் காட்டலாம்.

எங்கள் தோழிக்குச் சொன்ன பதில்

ஆனால் நாங்கள் எங்கள் தோழிக்குச் சொன்ன பதில் வேலையும் விருதும் மட்டுமல்ல. எட்டுக் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் எல்லோரும் அனிதா பால்துரை ஆகிவிட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். வரலாற்றைப் படித்ததில் எங்களுக்குப் புரிந்தது இதுதான். பெண்கள் ஆடுவதை யாரும் முற்றிலும் தடுத்து நிறுத்திவிடவில்லை. ஆடலாம், ஆனால் இதோடு போதும் என்றுதான் ஒவ்வொரு காலத்திலும் சொன்னார்கள். இந்த எல்லைக்கோட்டைத் தாண்டாதே, மற்றக் கல்லூரிக்குப் போகாதே, எண்ணிக்கை வைக்காதே என்றார்கள். ஒவ்வொரு தடையும் விலகியது யாரோ ஒருவர் ஒரு போட்டியை நடத்தியதாலும், யாரோ எட்டுப் பேர் எப்படியோ அதற்குப் போய்ச் சேர்ந்ததாலும்தான்.

இன்னொன்றும் புரிந்தது. பெரியவர்கள் மறுப்பது பெரும்பாலும் அக்கறையினால்தான். ஸ்மித் கல்லூரியில் கதவை மூடியதும் அக்கறையே. எங்கள் தோழியின் வீட்டில் வேண்டாம் என்றதும் அக்கறையே. ஆகவே அவர்களோடு சண்டை போடாமல், பெரன்சன் அம்மையார் செய்ததுபோல அவர்கள் கவலையைக் கேட்டு அதற்கு வழி தேடுவது என்று முடிவு செய்தோம். உடற்கல்வி ஆசிரியையிடமும் தலைமையாசிரியை சிஸ்டரிடமும் அனுமதி பெற்று, இந்த ஆண்டு அணி முழுவதற்கும் முழுக்கால் சட்டை தைத்துக்கொண்டோம். பயணத்தில் எங்களோடு ஆசிரியையும் ஒரு தாயாரும் வருவதென்று ஏற்பாடாயிற்று. போட்டிக்கு முந்தைய வாரம், மாலையில் இரண்டிரண்டு பேராக அவள் வீட்டுக்குச் சென்று தார் சுற்றிக் கொடுத்தோம். எங்களில் நால்வர் நெசவாளர் வீட்டுப் பெண்கள். ஆதலால் கைகளுக்கு அது புதிதல்ல. மற்றவர்கள் முதல் நாள் நூலைச் சிக்காக்கி, இரண்டாம் நாள் கற்றுக்கொண்டார்கள்.

அவளுடைய தந்தையார் முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், "எந்த ஊரில் போட்டி? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டு, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார்.

இந்த ஆண்டு குறுவட்டத்திற்கு நாங்கள் எட்டுப் பேரும் சென்றோம். முதல் ஆட்டத்தில் வென்றோம். இரண்டாவதில் 6 புள்ளியில் தோற்றோம். ஆகவே வருவாய் மாவட்டப் போட்டி இம்முறையும் எங்களுக்கு இல்லை. ஆனாலும் கடைசி விசில் ஊதும்வரை களத்தில் ஐந்து பேர் நின்றோம். அந்த இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் எங்கள் தோழி போட்டவை.

திரும்பி வந்ததும் அவள் தந்தையாரிடம், பதினோராம் வகுப்பிலும் ஆட அனுமதிப்பீர்களா என்று கேட்டோம். "பத்தாவது நல்லபடியா முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார். சென்ற ஆண்டு "வேண்டாம்" என்றவர் இந்த ஆண்டு "பார்க்கலாம்" என்கிறார். நாங்கள் அரசுத் தேர்வுக்கு மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்குக் கணக்கில் உதவி தேவை என்பதால் மாலையில் தார் சுற்றும் நேரத்திலேயே வாய்ப்பாடும் சூத்திரமும் சொல்லிக்கொள்கிறோம்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! அணியில் அடுத்த ஆண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவீர்கள். பந்து விளையாட்டுச் சாமான் அறையின் இடப்பக்க அலமாரியில் இருக்கிறது. காற்று குறைந்திருந்தால் பம்பு அதன் பின்னால் இருக்கும். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் உயரமான பெண்கள் சிலரைப் பார்த்து வைத்திருக்கிறோம். பெயர்களை ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அவர்களை இப்போதே களத்துக்கு அழைத்து வாருங்கள். எண்ணிக்கை எட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வருவாய் மாவட்டத்துக்கு நீங்கள் போக வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறோம். நாங்கள் வந்து பார்ப்போம், கைதட்டுவோம், முடிந்தால் ஒரு வாளியும் கொண்டு வருவோம்.